எட்டு ஆண்டு முற்றுகையும் ஒரு ஷாம்பு பாக்கெட்டும்

தொழில் தொடங்கும் இளைஞர்களிடம் 'கஷ்டப்படப் பழகு' என்று சொல்லாத மேடையே இல்லை. கஷ்டம்தான் வெற்றி தரும் என்றால், செஞ்சிக் கோட்டைக்கு வந்தவர்களில் சுல்ஃபிகர் கானை மிஞ்ச ஆளில்லை. ஔரங்கசீப்பின் இந்தப் படைத்தலைவர் 1690 முதல் 1698 வரை கோட்டையோடு மல்லுக்கட்டினார். நடுவில் மராத்தியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் தானிய வரத்தை அடைக்க, முற்றுகையிட்டவர்களே பட்டினி கிடந்து வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். கடைசியில் கோட்டை விழுந்தது. ஆனால் யாரைப் பிடிக்க வந்தாரோ அந்த மராத்திய மன்னர் ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். சுல்ஃபிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. கஷ்டப்படுவதாகக் காட்டிக்கொள்வதும் ஒரு பிழைப்புதானே!

செஞ்சி அடங்கியிருந்த அதே பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், கடலூரில், 1983-இல் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு விலகி, 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தொடங்கினார். அவர் வாடகை அறையில் தங்கியதையும் சைக்கிளில் அலைந்ததையும்தான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஷாம்புவே பழகாத கிராமங்களில், ஊர் பார்க்கச் சிறுவர்களின் தலையை அலசிவிட்டு, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னது அவருடைய நிறுவனம். எந்த ஷாம்புவின் காலி பாக்கெட் ஐந்து கொடுத்தாலும் ஒரு சிக் இலவசம் என்றது. வாங்குவோர் பழகியதும், சிக் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றிக்கொண்டது. கூச்சமும் அலைச்சலும் கொண்ட வேலைதான். ஆனால் ஒவ்வோர் ஊரும் வாங்குகிறவரைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது. எட்டு வருஷ முகாமில் இல்லாதது இதுதான்.

அவருக்கு வீட்டிலேயே தொழில் தெரிந்திருந்தது, ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைக்கும் யோசனையே தந்தை சின்னிகிருஷ்ணனுடையது, தோற்றுப்போனவர்களின் கதையை யார் எழுதினார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெரிந்த தொழிலில் விரும்பி ஏற்ற சிரமம் வேறு. வேர்க்கடலை மூட்டையோடு செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் விலைக்குக் காத்திருக்கும் விவசாயியின் சிரமம் வேறு. அவரிடம் போய்க் கஷ்டத்தை அணைத்துக்கொள்ளச் சொல்வது திமிர். அவருக்கு வேண்டியது கட்டுப்படியாகும் விலை. ஆனால் 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் கோட்டை சேர்ந்துவிட்டதை நம்பி, வீட்டை அடமானம் வைத்து லாட்ஜ் கட்ட நினைப்பவருக்கு ஒன்று சொல்லலாம். புதுச்சேரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்தால் அன்றே திரும்பிவிடும் தூரம் இது. கடன் வாங்கும் முன், கோட்டைக் குன்றான ராஜகிரியிலிருந்து களைத்து இறங்குகிறவர்களிடம், ராத்திரி இங்கே தங்குவீர்களா என்று சில வாரம் வெயிலில் நின்று கேட்கட்டும். பாதிப் பேர் முகம் கொடுக்காமல் நகர்வார்கள். அந்தக் கூச்சத்துக்கு வட்டி ஏறாது.