சுங்கை ஆயர் தாவாரில் ஒரு கணினிப் பட்டறை

கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே புறப்பட்டு, தஞ்சோங் காராங்கைத் தாண்டி, சபாக் பெர்ணம் மாவட்டத்துக்குள் பிரவேசித்து, செகிஞ்சான் நெல்வயல்களையும் கடப்பவர்களுக்குச் செம்பனையும் தென்னையும் மாறிமாறிக் காட்சி தரும். அப்பகுதியைச் சேர்ந்த சுங்கை ஆயர் தாவாரின் கடைவரிசையில், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் கம்பங்களிலும் வாழும் நம்மவர்கள் வீட்டுக் கணினிகளைச் சுமந்துவந்து பழுதுபார்த்துக்கொண்டு போகும் சிறு பட்டறை ஒன்று உண்டு. கணினி சற்றே மெதுவாக ஓடினாலும் "மெமரி போட்டால் சரியாகிவிடும்" என்று அக்கம்பக்கத்தார் தீர்ப்பளிப்பதும், அதை நம்பித் தாய்தகப்பன்மார் கைப்பணத்தைச் செலவிடுவதும் சர்வசாதாரணமாகிவிட்ட இந்நாளில், அத்தீர்ப்பைத் தொழில் அறிந்தவர் எவ்விதம் பரிசோதிக்கிறார் என்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டுமென்ற ஆவலே என்னை அங்கே இட்டுச் சென்றது. அந்தச் செலவும் சிறிதன்று. 2025-இல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளி ஆயிற்று. இருபத்தாறு நாள் வேலையென்று வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 65 வெள்ளி. ஆகவே மெமரிக்கென்று 130 வெள்ளி கொடுப்பவர் தம் உழைப்பில் இரண்டு முழு நாட்களைக் கொடுக்கிறார். அதனால்தான் இந்த விஷயத்தை நான் அற்பமாகக் கருதவில்லை.

பட்டறையை நடத்துபவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர். நான் போயிருந்தபோது, மகளின் மடிக்கணினியைப் பையிலிட்டு ஓர் அம்மையார் வந்தார்.

"தம்பி, இதுக்கு மெமரி கூட்டிக் குடுங்க. பக்கத்து வீட்டுக்காரர் அதான் சொன்னார்."

"கூட்டலாம்க்கா. ஆனா முதல்ல பாப்பா இதுல என்ன வேலை செய்யுதுன்னு சொல்லுங்க."

மகள் கல்லூரியில் படிப்பவள். கூகுள் மீட்டில் வகுப்பு, வேர்டில் கட்டுரை, குரோமில் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் ஒருங்கே திறந்திருக்கும். அவள் வழக்கமாகத் திறப்பவை அனைத்தையும் ஒன்றுவிடாமல் திறந்து வைத்துவிட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி, கணினியின் வேலைப்பளுவைக் காட்டும் டாஸ்க் மேனேஜரை வரவழைத்தார் அவர். சும்மா கிடக்கும் கணினியைப் பார்த்து மெமரியைப் பற்றி முடிவு கட்டலாகாது என்பதே அவருடைய முதல் நியமம். வேலை நடக்கும்போது மெமரி எட்டு ஜிபியில் ஐந்துக்குச் சற்று மேல் நின்றது. டிஸ்க்கோ நூறு சதவிகிதத்திலேயே நின்று, இறங்க மறுத்தது.

"அம்மிக்குப் பக்கத்துல மிளகாய், மல்லி எல்லாம் எடுத்து வைக்கிற தட்டுதாங்க்கா மெமரி. தட்டுல இன்னும் இடம் இருக்கு. பொருள் எடுக்கப் போற சாமான் அறைக் கதவுதான் இறுகிக் கிடக்கு."

சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி, சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி பொருத்தினால் அதே கணினி தெம்பாக ஓடும் என்பது அவர் முடிவு. மெமரி விற்றிருந்தால் உடனே லாபம் கண்டிருக்கலாம். அதை மறுத்துச் சொல்லும் நேர்மையும் தொழில் திறத்தின் ஒரு பகுதியென்றே நான் மதிக்கிறேன்.

டிஸ்க் நூறில் நின்றால் குற்றம் டிஸ்க்குடையது என்று எப்போதும் கொள்ளலாமா என்று வினவினேன். கூடாதென்றார். மெமரி நிரம்பி வழியும்போது, விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதுவதும் திரும்பப் படிப்பதுமாக அலைக்கழிகிறது. அப்போதும் டிஸ்க் நூறைத் தொடும், ஆனால் நோய் மெமரியில். ஆதலால் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிறிது நேரத்தில் அதற்கு உதாரணமும் வந்து சேர்ந்தது. ஓர் இளைஞரின் நான்கு ஜிபி மடிக்கணினியில் எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்தும், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவும்போதெல்லாம் திரை உறைந்து நின்றது. மெமரி தொண்ணூறு சதவிகிதத்தைத் தாண்டியிருக்க, ரிசோர்ஸ் மானிட்டரில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' என்ற எண், அதாவது மெமரியில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுக்க நேரும் தடவைகளின் கணக்கு, விடாமல் எகிறிக்கொண்டிருந்தது. "இதுக்குக் கட்டாயம் போடணும்ணே" என்று சொல்லித் திருகாணிகளைக் கழற்றினார்.

முதலில் கையை உலோகத்தில் வைத்து உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கினார். பிறகு இருபுறமும் பிடித்திருந்த சிறு கொக்கிகளை விரல்நுனியால் விலக்க, மெமரிப் பலகை சாய்வாக எழும்பி நின்றது. கடலோரக் காற்றின் ஈரத்தாலோ என்னவோ மங்கிப்போயிருந்த பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட அழிப்பான் ஒன்றால் நிதானமாகத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டினார். சில கணினிகள் இந்த ஒரு காரியத்தாலேயே பிழைத்துக்கொள்வதுண்டாம். டிடிஆர்3, டிடிஆர்4 ஆகிய மெமரி வகைகளின் வெட்டு வெவ்வேறிடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் குழியில் அமராது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் மெமரி தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் மாற்றவே வழியில்லை. 32 பிட் விண்டோஸ் 10 நான்கு ஜிபிக்கு மேல் கொடுத்தாலும் பயன்படுத்திக்கொள்ளாது. கடையில் காசு கொடுப்பதற்கு முன் இவற்றையெல்லாம் சரிபார்த்தே அறிய வேண்டும்.

நாம் காசு கொடுத்து வாங்கும் இந்த மெமரிக்கு ஒரு வரலாறும் உண்டு. 1968-இல் ஐபிஎம் நிறுவனத்து ராபர்ட் டென்னார்ட் ஒற்றை டிரான்சிஸ்டர் மெமரிக்குக் காப்புரிமை பெற்றார். 1970-இல் இன்டெல் வெளியிட்ட 1103 சில்லில் 1,024 பிட்டுகள் அடங்கின. அதே இன்டெல் 1972-இல் நம் பினாங்கிலேயே தொழிற்சாலை திறந்தது. இத்தனை அருகில் சில்லுத் தொழில் வளர்ந்திருந்தும், விலை நம் கையில் இல்லை: 2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை பெருகியதால், வீட்டுக் கணினிக்கான மெமரியின் விலையும் உலகெங்கும் ஏறிற்று. அவசியமின்றி வாங்குவது முன்னைவிட அதிக நஷ்டமாகிவிட்டது.

மற்றொரு கேள்வியையும் மக்கள் இப்போது கொண்டுவருகிறார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு பொதுவாக முடிந்துவிட்டது. மெமரி கூட்டினால் விண்டோஸ் 11 ஏறுமா என்கிறார்கள். விண்டோஸ் 11 கேட்பது நான்கு ஜிபிதான். பழைய கணினிகளைத் தடுப்பது பெரும்பாலும் பழைய பிராசசரும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அம்சம் இல்லாமையும். அத்தகைய கணினியில் மெமரிக்குச் செலவிடுவது வீண் என்று பட்டறைக்காரர் வெளிப்படையாகவே சொல்லி அனுப்புகிறார்.

தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பிள்ளைகளின் படிப்புக்காகக் கணினியைக் காப்பாற்றிவரும் பெற்றோர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: வழக்கமான வேலைகளையெல்லாம் திறந்து வைத்த நிலையில் மெமரி எத்தனை, டிஸ்க் எத்தனை என்ற இரண்டு எண்களையும் பிள்ளையைக் கொண்டு ஒரு தாளில் எழுதச் செய்து, அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள், எண்ணைப் பாராமலே மெமரியை எடுத்து நீட்டுகிற கடையில் பணத்தை எடுக்காதீர்கள்.