விருந்தாளியின் ஆமீன்

அரபு மொழியில் வழிப்போக்கனுக்கு ‘இப்னுஸ் ஸபீல்’ என்று ஒரு பெயர் உண்டு. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் ‘வழியின் மகன்’ என்றாகும். ஜகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினரைத் திருக்குர்ஆன் எண்ணிச் சொல்லும்போது எட்டாமவனாக நிற்பவன் இவனே. சொந்த ஊரில் செல்வனாயினும் வழியில் அவன் ஏழை. தாயும் தந்தையும் இருந்தும் அந்நேரத்துக்கு அவன் வழி பெற்ற பிள்ளை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இச்சொல்லை மாணவர்களுக்கு விளக்கி வருகிறேன். ஆயினும் அதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது பாடம் நடத்தும் திண்ணையில் அன்று. என் தங்கை மகள் அமெரிக்காவிலிருந்து கேட்ட ஒரு கேள்வியில்தான் அது விளங்கிற்று.

2018 ஆகஸ்டில் அவள் புறப்பட்டபோது வயது 16. அமெரிக்க அரசின் கென்னடி–லூகர் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தில் அவள் தேர்வாகியிருந்தாள். 2001 செப்டம்பர் 11 நிகழ்ச்சிக்குப் பின், முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளின் பிள்ளைகள் அமெரிக்கக் குடும்பங்களோடு தங்கிப் பயில வேண்டும் என்று செனட்டர்கள் எட்வர்ட் கென்னடியும் ரிச்சர்டு லூகரும் முயன்றதன் பயனாக, 2002 ஆம் ஆண்டில் தோன்றிய திட்டம் அது. நம் நாட்டில் மாணவரைத் தேர்ந்து அனுப்பும் பணியை ஏ.எஃப்.எஸ். என்னும் அமைப்பு செய்தது. முதல் உலகப் போரின்போது பிரான்சில், காயம்பட்ட வீரர்களை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸ் ஓட்டிகளான தொண்டர்களால் உருவான அமைப்பு அது. 1947 முதல் மாணவர் பரிமாற்றத்தை மேற்கொண்டது. பிள்ளைகளை ஏற்கும் குடும்பங்கள் அதற்கென ஊதியம் பெறுவதில்லை என்றும் அறிந்தேன். லாரி ஓட்டியின் மகனான எனக்கு, வண்டி ஓட்டியவர்கள் தொடங்கிய அமைப்பு என்பதில் சிறிது மகிழ்ச்சி இருந்தது. ஆயினும் பெண் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. தங்கையும் மைத்துனரும் உறுதியாக நின்றார்கள். சேலத்திலிருந்து கண்ணீருடன் வழியனுப்பினோம்.

பள்ளிக்கூடம் நடக்கும் நாள்களில் அவளுக்குக் குறையொன்றும் தெரியவில்லை. அங்கே எல்லாரும் மாணவர், அவளும் மாணவி. விடுமுறை வந்தால்தான் பிறர் அனைவரும் வீட்டுக்குரியவராகி விடுகிறார்கள். வீடு தொலைவில் உள்ளவர் மட்டும் தனித்துத் தெரிகிறார். அந்த நவம்பர் 22 ஆம் நாள், அமெரிக்கர் கொண்டாடும் நன்றி நவிலும் நாள். நம் பொங்கலைப் போல அறுவடையை ஒட்டி எழுந்த அந்த நாளில் உற்றார் உறவினர் ஒன்றுகூடி உண்பது வழக்கம். அதற்கு இரண்டு நாள் முன்பு வாட்ஸ்அப்பில் அழைத்தாள்.

“மாமா, வியாழக்கிழமை இந்த வீட்டுக்கு இருபது பேர் வருகிறார்கள். சாப்பிடுவதற்கு முன் எல்லாரும் கைகோத்துப் பிரார்த்தனை செய்வார்களாம். நான் என்ன செய்யட்டும்?”

நான் சற்றும் சிந்திக்கவில்லை. “உன் அறையிலேயே இருந்துகொள். அவர்கள் முடித்தபின் இறங்கி வந்து சாப்பிடு” என்றேன்.

“சரி மாமா” என்றாள். மறுசொல் இல்லை.

அந்தச் ‘சரி’ அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. அதே ‘சரி’யை அதே குரலில் நான் முன்பே ஒருவரிடம் கேட்டிருந்தேன். அப்போது எனக்கு வயது 17.

வேலூரில் நான் ஓதிய காலம் அது. நெடுங்காலமாகவே இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் மாணவர்கள் வேலூருக்கு வந்து ஓதுவது வழக்கம். எங்கள் வகுப்பில் மன்னாரிலிருந்து வந்த ஒருவர் இருந்தார், என் வயதினர். 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் உத்தரவால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டதை வாசகர்களில் பலர் அறிந்திருப்பர். சுமார் 75,000 பேர் வீடு, நிலம், தொழில் அனைத்தையும் விட்டு வெளியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் தஞ்சம் புகுந்தனர். நண்பரின் பெற்றோரும் அங்கே ஓலைக் குடிலில் இருப்பதாகக் கடிதம் வந்தது. 1991 இல் ஷஅபான் பாதியில் மத்ரஸா விடுமுறை விட்டபோது, எல்லாரும் பெட்டி கட்டினார்கள். அவர் மட்டும் கட்டவில்லை. கட்டிக்கொண்டு போக ஊர் இல்லை.

நான் அவரை நாமக்கல்லுக்கு அழைத்து வந்தேன். அந்நாளில் நாமக்கல் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தனி மாவட்டமானது 1997 இல். சேலத்தில் பேருந்து மாறி, மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் என்று வரும் வழியெல்லாம் மரவள்ளிக் காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். நாமக்கல் பாறை கண்ணில் பட்டதும், “கடல் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். எந்தப் பக்கமும் இல்லை என்றேன். தீவில் பிறந்தவருக்கு அது நம்ப முடியாத செய்தியாக இருந்தது.

ரமளான் முதல் இரவு. எங்கள் பள்ளிவாசலில் இஷாத் தொழுகை. இமாம் ஃபாத்திஹாவை ஓதி முடித்தார். நாங்கள் ஹனஃபிகள், ஆமீனை மனத்துக்குள் மெல்லச் சொல்பவர்கள். இலங்கையார் ஷாஃபிஈகள், உரக்கச் சொல்பவர்கள். மூன்றாம் வரிசையிலிருந்து ‘ஆமீன்’ என்ற ஒற்றைக்குரல் எழுந்து பள்ளி முழுதும் கேட்டது. தொழுகை முடிந்ததும் தலைகள் திரும்பின. பெரியவர் ஒருவர் என்னை அழைத்து, “யாரப்பா இந்தப் பையன்? எந்தக் கூட்டம்?” என்று கேட்டார். கேட்டது அவ்வளவே. ஆனால் எனக்கு முகம் கருத்துப் போயிற்று.

இரண்டு முறைகளுக்கும் ஆதாரம் உண்டு என்பதை நான் அறியாதவனல்லன். எங்கள் வகுப்பிலேயே இரு மத்ஹபுப் பிள்ளைகளும் அருகருகே அமர்ந்து ஓதியவர்கள். அறிந்திருந்தும், மறுநாள் கமலாலயக் குளக்கரையில் நடக்கும்போது நண்பரிடம் சொன்னேன்: “இங்கே மெதுவாகச் சொன்னால் போதும்.”

“சரி” என்றார்.

அந்த ரமளான் முழுவதும் அவர் குரல் பள்ளிவாசலில் கேட்கவில்லை. வீட்டையும் ஊரையும் இழந்து வந்தவரிடம் மிஞ்சியிருந்தது, தந்தையின் அருகில் நின்று பழகிய அந்த ஒரு சொல். அதையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று எனக்கு அது தெரியவில்லை.

என் தந்தையார் நாமக்கல் முட்டைகளைக் கேரளத்துக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டி வந்தார்கள். 27 ஆம் இரவன்று ஊர் வந்து, பள்ளியில் நண்பருக்கு அருகில் நின்று தொழுதார்கள். வீடு திரும்பியதும் கேட்டார்கள்: “தம்பி, நீங்கள் ஷாஃபிஈதானே? கேரளத்துப் பள்ளிகளில் ஆமீன் என்று சொன்னால் கூரை அதிருமே. நீங்கள் ஏன் சொல்லவில்லை?”

நண்பர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பின்பு, “தொண்டை சரியில்லை அத்தா” என்றார்.

தம் வீட்டில் ‘வாப்பா’ என்று அழைப்பவர், எங்களைப் போல ‘அத்தா’ என்று அழைத்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. என் தாயார் உடனே சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். நோயில்லாத தொண்டைக்கு அந்தக் காரத்தை அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெருநாளுக்கு முன்னாள், “உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்?” என்று என் தாயார் அவரிடம் கேட்டார்கள். வட்டிலப்பம் என்றார். முட்டையும் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் சேர்த்து ஆவியில் வேகவைப்பது. முட்டைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. கித்துளுக்கு எங்கே போவது? பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெல்லத்தைக் கரைத்து ஊற்றிச் செய்தார்கள். நிறமும் மணமும் வேறாகவே இருந்திருக்கும். அவர் இரண்டு முறை வாங்கி உண்டார். எழுத்தறியாத என் தாய், வந்தவரின் வீட்டைத் தம் அடுப்பில் வைக்க முயன்றார்கள். ஏடு கற்ற நானோ அவர் வாயிலிருந்ததையும் அடக்கினேன்.

தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் பழம்பொருள் புதுமை என்பதாகும். புதிதாய் வந்தவரே விருந்தினர். நாமோ வந்தவர் நம்மைப் போலவே ஆகிவிட்டால்தான் அமைதி கொள்கிறோம். உணவு தருகிறோம், பாய் விரிக்கிறோம், அன்பும் காட்டுகிறோம். ஆனால் அவருடைய புதுமையை வாசலிலேயே கழற்றிவைக்கச் சொல்கிறோம். விருந்தாளியும் ‘சரி’ என்று சொல்லிவிடுகிறார். வேறு என்ன சொல்ல அவரால் இயலும்?

27 ஆண்டுகளுக்குப் பின் என் தங்கை மகளுக்கும் அதையே செய்திருந்தேன். அன்று வீட்டுக்காரனாய் நின்று ஒருவரை அடக்கினேன். இன்று விருந்தாளியின் மாமனாய் நின்று ஒருத்தியை ஒளியச் சொன்னேன். குரல் மட்டுமன்றி முகமும் தெரியாதபடி அறைக்குள் இரு என்றேன். மார்க்கத்தைக் காக்கச் சொன்னதாக எண்ணிக்கொண்டேன். ஆனால் அச்சத்தைத்தான் கற்பித்திருந்தேன்.

ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் அழைத்தேன். அங்கே முந்தைய நாள் மாலைப்பொழுது.

“அம்மா, நேற்று நான் சொன்னதை விட்டுவிடு. அந்த வீட்டு அம்மாளிடம் முன்னதாகவே சொல்: ‘எங்கள் வணக்கமுறை வேறு, உங்கள் பிரார்த்தனையை நான் சொல்ல இயலாது, ஆனால் உங்களோடு அமர்ந்து என் இறைவனுக்கு என் முறையில் நன்றி சொல்ல விரும்புகிறேன்’ என்று சொல். எது உண்ணலாகும், எது ஆகாது என்பதையும் சொல். மறைக்கவும் வேண்டாம், மறையவும் வேண்டாம்” என்றேன்.

இம்முறை அவள் ‘சரி’ என்று மட்டும் சொல்லவில்லை. “அவர்கள் வருத்தப்பட்டால்?” என்று கேட்டாள். “வருந்தினால் அதையும் அறிந்துகொள்வோம். கேளாமல் நாமே முடிவு கட்டலாகாது” என்றேன்.

வெள்ளிக்கிழமை அழைத்தபோது அவள் குரல் துள்ளியது. அந்த அம்மையார் அவளைத் தமக்கும் தம் முதிய தாயாருக்கும் நடுவில் அமர்த்தினாராம். ஆடவர் கையைப் பற்ற வேண்டிய நிலை வாராதபடி அவரே எண்ணிச் செய்த ஏற்பாடு அது, இவள் கேட்கவில்லை. அவளுக்கென்று காய்கறிகளும் ரொட்டியும் தனித்தட்டில் இருந்தன. அவர்கள் தங்கள் பிரார்த்தனையை முடித்தபின், வீட்டுத் தலைவர், “எங்கள் மகளும் தன் முறையில் சொல்லட்டும்” என்றாராம். இவள் இறைவனைப் புகழ்ந்து அரபியில் தொடங்கி, அந்த வீட்டாருக்கும் நம் வீட்டாருக்கும் நலம் வேண்டித் தமிழில் முடித்திருக்கிறாள்.

“ஒருவருக்கும் ஒரு சொல் புரிந்திருக்காது மாமா. ஆனால் முடித்ததும் எல்லாரும் ஆமென் என்றார்கள். உரக்கச் சொன்னார்கள்.”

நான் தொலைபேசியைப் பிடித்தபடி பேசாதிருந்தேன். ‘ஏற்றுக்கொள்வாயாக’ என்று பொருள்படும் அச்சொல் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூவருக்கும் பொதுவானது என்று எத்தனையோ முறை பாடம் சொல்லியிருக்கிறேன். 2019 மே மாதம் அங்கே ரமளான் பிறந்தபோது, அந்த அம்மையார் கடிகாரத்தில் அலாரம் வைத்து எழுந்து, ஸஹர் நேரத்தில் அவள் தனியே உண்ணாதபடி உடன் அமர்ந்திருந்தார் என்றும் அறிந்தேன். நோன்பு அவருக்கில்லை, உறக்கத்தை மட்டும் துறந்தார்.

நம் சேலம், நாமக்கல் பக்கத்து விடுதிகளில் வெளி மாநிலப் பிள்ளைகள் பலர் தங்கிப் பயில்கின்றனர். பண்டிகை விடுமுறையில் ஊர் செல்ல இயலாமல் விடுதியில் தங்கிவிடுவோர் அவர்களுள் உண்டு. பெருநாளன்று அவர்களில் ஒருவரையேனும் அழைப்பது நமக்கு அரிதன்று. அழைத்தபின், அவர் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்பதே என் தாய் எனக்குக் காட்டிய வழி.

தங்கை மகள் ஊர் திரும்பிய பின்பு, ஒரு நாள் புத்தளத்துக்கு அழைத்தேன். நண்பர் இன்று அங்கே அரபு ஆசிரியர், பேரன் எடுத்தவர். அமெரிக்காவில் நடந்தவற்றைச் சொன்னேன். பிறகு, குளக்கரையில் நான் சொன்ன அந்தச் சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை. மறந்திருப்பாரோ என்று எண்ணினேன்.

அவர் மெல்லச் சிரித்தார். “நான்தான் அன்றைக்கே சொன்னேனே, எனக்குத் தொண்டை சரியில்லை என்று.”