வலிக்கும் ஒரு பெயர் உண்டு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

பொறுமை பெண்ணுக்கு அணிகலன் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பசியைப் பொறுக்கலாம், பழிச்சொல்லைப் பொறுக்கலாம். ஆனால் நோயைப் பொறுக்கலாமா? குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்கு ஓடுகிறோம். மாட்டுக்கு வயிறு உப்பினால் இரவென்றும் பாராமல் கால்நடை மருத்துவரை எழுப்புகிறோம். மாதந்தோறும் ஒரு பெண் சுருண்டு படுத்தால் மட்டும் "பொம்பளைப் புள்ளைன்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறோம். இது என்ன நியாயம்?

இப்படியொரு பொருளைக் கல்லூரி ஆண்டு மலரில் எழுதலாமா என்று தோழியர் சிலர் கேட்டனர். இனப்பெருக்க மண்டலத்தைப் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்குகிறோம். அதே மண்டலம் நம் வீட்டில் ஒருத்தியை வதைக்கும்போது வாய்மூடி இருப்பது விலங்கியல் படிக்கும் பெண்ணுக்கு அழகாகுமா? அக்காவிடம் அனுமதி கேட்டேன். "எழுது கண்ணு, எம் பேரை மட்டும் போட்றாத" என்றாள்.

எங்கள் ஊர் பரமத்தி வேலூரை அடுத்த காவிரிக் கரைச் சிற்றூர். வாழையும் கரும்பும் வெற்றிலையும் விளையும் மண். அப்பா கொடிக்காலுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்; அம்மா வெற்றிலை அடுக்கிக் கட்டுகிறவர். இருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். எங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்பில் காலடி வைத்த முதல் ஆள் நான்தான். ஆனால் அந்த இடம் முறைப்படி என் அக்காவுக்கு உரியது.

அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். கணக்கில் கெட்டிக்காரி. 14 வயதில் அவளுக்கு அந்த வலி தொடங்கியது. மாதவிலக்கு வரும் முன்பே அடிவயிறும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும், வாந்தி வரும், மலம் கழிக்கப் போனால் உயிர் போய் உயிர் வரும். சுக்குக் கஷாயம், வெந்தயம், அடிவயிற்றில் விளக்கெண்ணெய், மந்திரித்த கயிறு என்று எல்லாம் பார்த்தாயிற்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், "மாசம் நாலு நாள் படுத்துக்கறவளைக் காலேசுக்கு அனுப்பி என்ன ஆகப்போவுது?" என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். "கல்யாணம் ஆனாச் சரியாப் போயிரும்" என்றார் அம்மாயி. 21 வயதில் கல்யாணம் ஆயிற்று. சரியாகவில்லை. "ஒரு புள்ளை பெத்தாச் சரியாப் போயிரும்" என்றார்கள். பிள்ளையும் வரவில்லை. ஐந்து ஆண்டுகள், பார்ப்பவர்கள் எல்லாம் "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்கள். வலிக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்த வலிக்குப் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்ளே படர்ந்திருக்கும் சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பையிலும் கருக்குழாயிலும் குடலின் மேலும் ஒட்டி வளர்வதே இந்நோய். மாதந்தோறும் ஹார்மோன்களின் ஏவலுக்கு இந்தத் திசுவும் ஆடுகிறது, கசிகிறது. கருப்பையின் இரத்தத்துக்கு வெளியேற வழி உண்டு. இதற்கு வழி இல்லை. சுற்றிலும் அழற்சி உண்டாகித் தழும்பு விழுந்து, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கினால் சாக்லேட் நிறத்தில் நீர்க்கட்டி உண்டாகிறது.

1860-இல் வியன்னாவின் ரோகிடான்ஸ்கி இத்தகைய திசுவைப் பற்றி எழுதினார். அமெரிக்காவின் ஜான் சாம்ப்சன் 1921-இல் சாக்லேட் கட்டிகளை விவரித்தார். மாதவிலக்கு இரத்தம் கருக்குழாய் வழியே பின்னோக்கி வயிற்றுக்குள் செல்வதே காரணம் என்று 1927-இல் விளக்கம் தந்தார். ஆனால் அவ்வாறு பின்னோக்கிச் செல்வது பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்வதுதான். அவர்களில் சிலருக்கு மட்டும் நோயாவது ஏன் என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளைப்பேற்று வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் உண்டு. நம் வகுப்பில் முப்பது மாணவியர் என்றால் மூவருக்கு இருக்கக்கூடும்.

இத்தனை பேருக்கு உள்ள நோயைக் கண்டுபிடிக்க ஏன் ஆண்டுகள் பல ஆகின்றன? பொறுத்துக்கொள்ளச் சொல்லும் நம் வழக்கம் ஒரு காரணம். மருத்துவ உலகிலேயே நெடுங்காலம் இருந்த ஒரு வழக்கம் மற்றொரு காரணம். வயிற்றில் சிறு துளையிட்டு, லேப்ராஸ்கோப் என்னும் கருவியைச் செலுத்தி, கண்ணால் கண்டு, திசுவை எடுத்துச் சோதித்தால்தான் இந்நோய் உறுதி என்று கருதிவந்தனர். அறுவைக்கு அஞ்சியும், பணத்துக்கு அஞ்சியும், "கல்யாணம் ஆகாத பிள்ளை வயிற்றில் தழும்பா?" என்று அஞ்சியும் எத்தனை வீடுகளில் தள்ளிப்போட்டிருப்பார்கள்!

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அக்கா முதலில் பார்த்த ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் சரியாக இருக்கிறது என்றார்கள். துளையிட்டுப் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள். அப்பா கறவை மாட்டுக்கு விலை பேசத் தொடங்கிவிட்டார். அதற்குள் மாமா, தமக்குத் தெரிந்தவர் சொன்னதைக் கேட்டு, அக்காவை வேறொரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். நானும் உடன் போனேன்.

அந்த அம்மையார் முதலில் செய்த பரிசோதனை, கேள்வி கேட்டதுதான். வலி எந்த வயதில் தொடங்கியது? மாதவிலக்குக்கு எத்தனை நாள் முன்பு வருகிறது? மலமோ சிறுநீரோ கழிக்கும்போது வலிக்கிறதா? கணவரோடு சேரும்போது வலிக்கிறதா? தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இப்படி உண்டா? அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, 12 ஆண்டுகளாக அவளிடம் யாரும் கேட்காத கேள்விகள் இவை என்பது எனக்கு உறைத்தது. பிறகு கையால் பரிசோதித்தார்; பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுக்கச் செய்தார். இடப்பக்கச் சினைப்பையில் 4 சென்டிமீட்டர் கட்டி. அந்தச் சினைப்பை கருப்பையின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தி படவில்லை, மாடும் விற்கவில்லை, நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. "ஏனுங்க டாக்டர், அப்ப நான் நடிக்கலைங்களா?" என்று அக்கா கேட்டாள். அந்தக் கேள்வியை நான் என்றும் மறக்கமாட்டேன்.

அந்த மருத்துவர் செய்தது விதிவிலக்கன்று. ஐரோப்பிய மனித இனப்பெருக்கக் கருவியல் கழகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், லேப்ராஸ்கோப்பை உறுதிப்படுத்தும் ஒரே வழியாக இனிக் கருத வேண்டாம் என்கின்றன. ஸ்கேனில் எதுவும் தெரியாதபோதோ, மருந்து பலன் தராதபோதோ, பொருந்தாதபோதோதான் அந்த வழி. சாக்லேட் கட்டியையும் ஆழமாக வேரோடிய திசுவையும், பழகிய கண்கள் பார்த்தால் ஸ்கேனிலும் எம்.ஆர்.ஐ. படத்திலும் காணலாம். மணமாகாதவர்களுக்கு வயிற்றின் மேல் வைத்தே ஸ்கேன் எடுக்கலாம். மேலோட்டமாகப் படர்ந்த சிறு திட்டுகள் இவற்றில் அகப்படுவதில்லை. ஆகவே "ஸ்கேன் சுத்தம், உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வது தவறு. அறிகுறிகளை வைத்தே நோயை ஊகித்து, ஹார்மோன் மாத்திரை தொடங்கலாம். சி.ஏ.125 என்னும் இரத்தப் பரிசோதனையை வைத்து இந்நோயை முடிவு செய்வதற்கில்லை என்பதையும் அந்நெறிகள் சொல்கின்றன.

இனி, ஊரார் கேட்கும் கேள்விக்கு வருவோம். இந்நோய் வந்தவள் மலடியா? இல்லை, இல்லவே இல்லை. இந்நோயுள்ள பெண்கள் பலர் இயல்பாகவே தாயாகின்றனர். சிலருக்குத் தாமதமாகலாம், சிலருக்கு உதவி தேவைப்படலாம். ஒட்டுகள் கருக்குழாயின் அசைவைத் தடுக்கின்றன. அழற்சி கருமுட்டையையும் விந்தணுவையும் பாதிக்கிறது. கட்டி சினைப்பையைத் தாக்குகிறது. பெண் பிறக்கும்போதே அவள் வாழ்நாளுக்குரிய கருமுட்டைகள் அவளுள் இருக்கின்றன என்று பாடத்தில் படிக்கிறோம். அவை குறைந்துகொண்டே போகுமே தவிரக் கூடுவதில்லை. கட்டியை அறுத்தெடுக்கும்போது நல்ல திசுவும் சேர்ந்து போய், முட்டை இருப்பு மேலும் குறையக்கூடும். பிள்ளை வேண்டுவோர் அறுவைக்கு முன் இதை மருத்துவரிடம் கேட்டே ஆகவேண்டும். வலியைத் தணிக்கும் ஹார்மோன் மாத்திரைகள், சாப்பிடும் காலத்தில் கருவுறுதலைத் தடுப்பவை. எனவே எது முதலில் வேண்டும் என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவு செய்யவேண்டும். பிள்ளை பெற்றால் நோய் தீரும் என்பதும் உண்மையன்று. நோய்க்கு மருந்தாகக் கருவுறுமாறு அறிவுரை கூறக்கூடாது என்று அதே 2022 நெறிகள் கூறுகின்றன. அம்மாயியிடம் இதைச் சொன்னேன். "அப்படீங்களா டாக்டரம்மா?" என்று என்னைக் கேலி செய்தாலும், அன்றிலிருந்து அக்காவிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

எல்லா வழியும் அடைபட்டோருக்குச் சோதனைக்குழாய் முறையும் உண்டு. 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனையில், டாக்டர் இந்திரா ஹிந்துஜாவின் மருத்துவத்திலும் டாக்டர் டி.சி. ஆனந்தகுமாரின் ஆய்விலும் ஹர்ஷா என்னும் பெண் குழந்தை அம்முறையில் பிறந்தாள். அன்று அதிசயமாக இருந்தது இன்று நம் மாவட்ட நகரங்கள் வரை வந்துவிட்டது. செலவுதான் ஏழைக்கு எட்டுவதாயில்லை.

அக்காவுக்கு இதை எழுதும் நாள்வரை பிள்ளை இல்லை. மாமா தாமாகவே முன்வந்து தம் விந்துப் பரிசோதனையைச் செய்துகொண்டார். எங்கள் பக்கத்தில் அது சிறிய செய்தியன்று. முட்டை இருப்பு பார்த்தாயிற்று; இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. வலி வரும் நாளில் அவள் மாமியார் இப்போது வெந்நீர்ப் பை எடுத்துக் கொடுக்கிறார். நோய்க்குப் பெயர் தெரிந்ததால் வந்த மாற்றம் இது. இதே பெயர் 14 வயதில் தெரிந்திருந்தால் அவள் கல்லூரிக்கும் வந்திருப்பாள்.

உடன்பிறந்தாளுக்கு இருந்தால் எனக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதை அறிவேன். ஆகவே ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். எந்த நாள், எந்த இடம், எவ்வளவு வலி, வகுப்புக்குப் போக முடிந்ததா என்று மாதந்தோறும் எழுதுகிறேன். மூன்று மாதக் குறிப்பு கையில் இருந்தால் மருத்துவர் முன் நாக்குத் தடுமாறாது. தோழியரே, நீங்களும் எழுதுங்கள். வேலையும் படிப்பும் நின்றுபோகும் அளவுக்கு வரும் வலி இயல்பானதன்று. மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் அக்கா தங்கையர் உண்டு. நாளை மனைவியும் வருவார். "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்கும் கூட்டத்தில் சேராதீர்கள். ஆசிரியப் பெருமக்களே, மாதந்தோறும் அதே நாட்களில் வராத மாணவியை வருகைப் பதிவேட்டில் குறிக்கும்போது, ஒருமுறை காரணமும் கேளுங்கள்.

நோயை அறிய எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. அவற்றுக்கெல்லாம் முன்னதாக, பெண் தன் வலியைச் சொன்னால் நம்பிக் கேட்கும் செவி வேண்டும். அது விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளன்று. நம் ஒவ்வொருவரிடமும் இருப்பதுதான்.