துரு போகும், விரல் வராது!

பழைய டேபிள் ரம்பம் வாங்கப் போறீங்களா பாஸ்? பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க!

திருத்தணியிலிருந்து பஸ் பிடிச்சு, எல்லை தாண்டி நகரிக்கு நானும் அப்பாவும் போனோம். மிஷின் முழுக்க துரு. "பாகா உந்தி சார்!" என்றார் கடைக்காரர். நான் முகம் சுளிச்சேன்.

அப்பா முதல்ல பிளக்கைப் பிடுங்கினார். பிளேடு மாட்டுற தண்டைப் பிடிச்சு ஆட்டினார். அசையலை, பேரிங் ஓகே! இரும்பு ஸ்கேலை மேசை மேல குறுக்கால வெச்சார். இடுக்குல வெளிச்சம் தெரியலை, வளைவு இல்லை.

"பிளேடை மூடுற கார்டு எங்கே?"

கழட்டிப் போட்டாச்சாம்!

"துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போயிடும்டா. இது?" பாதி விரலைக் காட்டினார் அப்பா.

விலை குறைஞ்சது. மிச்சமான காசுல முதல்ல வாங்கினது கார்டுதான். அது இல்லாம எங்க பட்டறையில சுவிட்ச் போடறதில்லை. நீங்களும் போடாதீங்க, ப்ளீஸ்!