எண்ணூருக்கு ஒரு வழிகாட்டி

1964 ஏப்ரல் வரை சாதாரண ஜப்பானியர் சுற்றிப் பார்க்க வெளிநாடு போக முடியாது. தடை நீங்கிய பிறகும் ஆண்டுக்கு ஒரு பயணம், கையில் 500 டாலர், அவ்வளவுதான். 1990இல் வெளிநாடு போனவர்கள் ஒரு கோடி. ஒரு தலைமுறைக்குள் ஒரு தேசமே பயணம் பழகிவிட்டது.

*

அந்தத் தலைமுறைக்காரர் ஹிதேயோ சவாதா. 1951இல் ஒசாகாவில் பிறந்தவர். எழுபதுகளில் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அங்கே தொழில் நிமித்தம் வந்து தங்கிய ஜப்பானியர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டி சம்பாதித்தார். அந்தப் பணத்தில் ஐம்பது நாடுகள் பார்த்தார். ஊர் திரும்பி, 1980இல் டோக்கியோ ஷின்ஜுகுவில் சிறிய அலுவலகம் போட்டு, இளைஞர்களுக்கு மலிவு விமானச் சீட்டு விற்கத் தொடங்கினார். அதுதான் பின்னால் எச்.ஐ.எஸ். பயண நிறுவனம் ஆனது.

1996இல் ஸ்கைமார்க் விமான நிறுவனத்தைத் தொடங்கினார். 1998இல் அது பறக்கத் தொடங்கியபோது கட்டணம் பெரிய நிறுவனங்களில் பாதியளவு. 2010இல், நட்டத்தில் கிடந்த நாகசாகியின் ஹுயிஸ் டென் போஷ் பூங்காவை ஏற்று லாபத்துக்குக் கொண்டுவந்தார்.

எனக்கு இவற்றையெல்லாம்விட அந்த ஜெர்மனி நாட்கள்தான் பெரிதாகப் படுகின்றன. அவர் அந்த ஊர்க்காரர் இல்லை. ஆனால் புதிதாக வந்து இறங்குகிறவனுக்கு எது புரியாது, எங்கே தயங்குவான் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் கொஞ்ச நாள் முன்பு அவரே அப்படி நின்றவர்.

*

ஜப்பானியர் சென்னைப் பக்கமும் வருகிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் காமராஜர் துறைமுகம். ஒரகடத்தில் செய்த நிசான் கார்கள் 2010 முதல் அங்கிருந்து கப்பலேறுகின்றன. மணலியில் தோஷிபா கூட்டு ஆலை. 2019 அக்டோபரில் நரிதாவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானமே வந்தது, கொரோனா வந்து நிறுத்தியது. வேலைக்கு வரும் ஜப்பானியர் விடுமுறை நாளில் மாமல்லபுரம் போகிறார்கள், காஞ்சிபுரம் போகிறார்கள். எண்ணூரின் கத்திவாக்கம் கடற்கரையில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

*

ஆனால் எண்ணூர் ஒருகாலத்தில் உல்லாச ஊர். கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்கள் படகோட்டவும் மீன் பிடிக்கவும் இங்கே வந்து தங்கினார்கள். பிற்பாடு பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் மாறிய காக்ரேன் கால்வாயின் முதல் துண்டு சென்னையையும் எண்ணூரையும்தான் இணைத்தது. இன்று அந்தத் தண்ணீரில் அனல்மின் நிலையச் சாம்பல். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய். வலை, படகு, அலையாத்தி வேர் எல்லாம் கறுப்பு. அந்த மாதம் மீன் விற்காமல் குப்பத்துப் பெண்கள் பட்ட பாட்டை மறக்க மாட்டேன்.

*

இந்த அழிவைப் பார்க்க வந்த செய்தியாளர்களையும் மாணவர்களையும் ஆராய்ச்சிக்காரர்களையும் ஃபைபர் படகில் ஏற்றிக் கழிமுகம் முழுக்கக் காட்டியவர்கள் காட்டுக்குப்பத்து மீனவர்கள். முன்னே இங்கே எவ்வளவு ஆழம், எந்தச் சேற்றில் இறாலைக் கையாலேயே தடவிப் பிடிப்பார்கள், சாம்பல் குழாய் எங்கே உடைந்தது, எந்த இடத்தில் நண்டு திரும்பி வந்திருக்கிறது என்று அவர்கள் சொல்வது எந்தப் புத்தகத்திலும் இல்லை. சவாதா ஜெர்மனியில் செய்த வேலைதான் இது. அவரிடம் இருந்ததைவிட இவர்களுக்கு ஊர் அறிவு அதிகம். இதைத் தொழிலென்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பலர் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

*

இதைத் தொழிலாக்கி, ஜப்பானியரையும் இங்கே வரவழைக்கச் செய்யக்கூடியது: கூட்டுறவுச் சங்கம் வழியாகப் படகுக்கு நிலையான கட்டணம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். குப்பத்துப் பிள்ளைகள் நாலு பேர் ஜப்பானிய மொழி படிக்க உதவி. சென்னையில் அதற்கு நல்ல பயிற்சி மையம் இருக்கிறது. காலை ஆறரைக்குப் புறப்பாடு, அலையாத்தி, உப்பளம், சாம்பல் மேடு, முகத்துவாரம். சாம்பல் மேட்டை மறைக்கக் கூடாது. கரைக்கு வந்ததும் மீனவர் வீட்டிலேயே இறால் தொக்கும் சோறும், அதற்குத் தனிக் காசு, அதை அந்த வீட்டு அம்மா கையிலேயே கொடுக்க வேண்டும்.