பதினைந்து நரிகள்

துன்பம் வந்தால் கையில் அகப்பட்டவரைக் குற்றவாளியாக்கிவிடுவது மனித சுபாவம். பிள்ளை தடம் மாறினால் அவன் கூட்டாளியைத் திட்டித் தீர்க்கிறோம். அவன் ஏன் வீடு தங்காமல் போனான் என்று யாரும் கேட்பதில்லை. இத்தனை வயதுக்குப் பிறகு இளையவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது, தீர்ப்புச் சொல்லுமுன் வந்த வழியே கொஞ்ச தூரம் திரும்பி நடந்து பாருங்கள் என்பதுதான். கலிபோர்னியாக் கடலோரத்தில் சேனல் தீவுகளின் நரிகளுக்கு நேர்ந்ததை அதற்காகவே எழுதுகிறேன்.

கனடாவின் தென்கோடி தொடங்கி வெனிசுவேலா வரை சாம்பல் நரி என்றோர் இனம் உண்டு. மரமேறத் தெரிந்த நரி அது. முன்னங்கால்களை உட்புறமாகத் திருப்பி அடிமரத்தைக் கட்டிக்கொண்டு, வளைந்த நகங்களை ஊன்றி ஏறும். கிளைக் கவட்டில் படுத்துத் தூங்கும். அதன் வழிவந்ததுதான் தீவு நரி. ஆறு தீவுகளில் மட்டுமே இருக்கிறது. வீட்டுப் பூனை அளவுதான். வானத்திலிருந்து எதிரி வந்து பழக்கமில்லாததால் பட்டப்பகலில் வெட்டவெளியில் இரை தேடும்.

1990களில் அந்த நரிகள் மளமளவென்று குறைந்தன. சான் மிகேல், சாந்தா ரோசா என்ற இரண்டு தீவுகளிலும் தீவுக்குப் பதினைந்து போலத்தான் மிஞ்சின. கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விட்டிருந்த நரிகள் செத்துக் கிடந்த இடங்களைப் போய்ப் பார்த்தபோதுதான், பொன்கழுகு அடித்துத் தின்றிருக்கிறது என்று தெரிந்தது.

சரி, கழுகுதான் குற்றவாளி என்று முடித்துவிடலாமா? முன்பு அந்தத் தீவுகளில் கூடு கட்டாத பறவை அது. பக்கத்து சாந்தா குரூஸ் தீவில் பன்றிகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் மனிதர் கொண்டுவந்து, பிறகு காட்டில் திரிந்து பெருகியவை. குட்டிகள் எந்நாளும் கிடைத்ததால் கழுகு அங்கேயே தங்கிவிட்டது. செம்மறியாடுகள் புதர்களை மேய்ந்து தீர்த்திருந்ததால் நரிக்கு ஒளியவும் இடமில்லை.

பன்றிகள் நூறாண்டுக்கு மேலாக இருந்தனவே, கழுகு ஏன் முன்பே வரவில்லை? அங்கே மீன் தின்று வாழ்ந்த வெண்தலைக் கழுகுகள் தங்கள் எல்லைக்குள் வேறு கழுகை அண்டவிட்டதில்லை. அவை 1960களுக்குள் அற்றுப்போயின. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து ஆலைக் கழிவோடு டிடிடி நஞ்சு கடலில் கலந்தது. மீன் வழியாகப் பறவைக்குள் போனது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்திலேயே நொறுங்கியது. கழிவைத் திறந்துவிட்டவர்கள் நரியை நினைத்திருக்க வழியே இல்லை. என்னை உறுத்துவதும் அதுதான்.

சரிசெய்தவர்கள் இந்தச் சங்கிலியை முழுவதும் புரிந்துகொண்டு வேலை செய்தார்கள். மிஞ்சிய நரிகளைக் கூண்டில் வைத்துப் பெருக்கினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட பொன்கழுகுகளை உயிரோடு பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விட்டார்கள். வெண்தலைக் கழுகுக் குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். 2006இல் சாந்தா குரூஸில் ஒரு குஞ்சு, மனிதர் உதவியில்லாமல் தானே முட்டையை உடைத்து வெளிவந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். அதற்கு எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பை நான் இலேசாக எண்ணவில்லை. கொண்டுவந்தது மனிதன், உயிரைக் கொடுத்தது பன்றி. ஆனால் பன்றி இருக்கும்வரை பொன்கழுகு திரும்பத் திரும்ப வந்துகொண்டுதான் இருக்கும். வலிக்கிற முடிவை யாராவது எடுத்தே ஆக வேண்டியிருந்தது. தொடக்கத்திலேயே கவனமாக இருந்திருந்தால் அந்த நிலை வந்திருக்காது.

2004இல் அழியும் உயிர்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்த தீவு நரித் துணையினங்களில் மூன்றை 2016இல் நீக்கினார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் இவ்வளவு விரைவாக மீண்ட பாலூட்டி வேறில்லை. வேலை அதோடு நின்றுவிடவில்லை. 1999இல் கேட்டலினாத் தீவு நரிகளை நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் வாரிக்கொண்டுபோனதை மறக்காமல், இன்றும் நரிகளைப் பிடித்துத் தடுப்பூசி போட்டு விடுகிறார்கள். சேனல் தீவுகள் தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் வளர்ப்பு நாயை உடன் கொண்டுபோக அனுமதி கிடையாது.