ஐடிலிங்கில் தெரியும் உண்மை

எங்கள் பழைய டீசல் ஜீப் பாகூர் ஏரிக்கரைச் சேற்றுக்கு இன்றும் அஞ்சுவதில்லை. ஓரிடத்தில் நின்று ஐடிலிங்கில் ஓடும்போது மட்டும் கியர்க் கம்பி முதல் கண்ணாடி வரை நடுங்கும். அதை விற்க முடிவு செய்தபோது வில்லியனூர் நண்பர் ஒருவர் எளிய வழி சொன்னார்: “ஐடிலிங் வேகத்தைச் சற்றுக் கூட்டி வையுங்கள், வாங்குபவருக்குத் தெரியாது.”

அவர் சொன்னது உண்மைதான். நிமிடத்திற்கு 700 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரிலும் 350 முறை டீசல் எரியும். நான்கில் ஒன்று சரியாக எரியாவிடில் நொடிக்கு ஏறத்தாழ 6 உலுக்கல்கள் உண்டாகும். வேகம் கூடினால் அவை புலப்படா. பழுதோ அப்படியே இருக்கும்.

நனைந்த தானியத்தை மக்கள் காணும்படி மேலே வைக்கக் கூடாதா என்று வணிகரிடம் நபிகள் நாயகம் (ஸல்) கேட்டதை நாம் அறிவோம். எனவே பழுதையே தேடினோம்.

இன்ஜின் மவுண்டிங் ரப்பர்களில் வெடிப்பில்லை. மெக்கானிக் இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். மூன்றில் ஓட்டம் மேலும் தடுமாறியது. மூன்றாம் சிலிண்டரில் மட்டும் மாற்றமில்லை. அதன் இன்ஜெக்டரை இரண்டாம் சிலிண்டரில் பொருத்தியதும் குறை அங்கே இடம் மாறியது. சிலிண்டர் நலமாக இருந்தது, நாசில்தான் தேய்ந்திருந்தது.

நாசிலை மாற்றிய பின்னும் வயதுக்குரிய சிறு அதிர்வு எஞ்சியது. வாங்க வந்தவரிடம் அனைத்தையும் கூறி, ஐடிலிங்கில் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்க்கச் செய்தோம். அவர் விலையைக் குறைத்தார். இசைந்தோம், கிடைத்த தொகையில் பரக்கத் செய்யுமாறு அல்லாஹ்விடம் வேண்டினோம்.